பெக் கவர் போட்டால் போன் தேயுமா? ஹட்டன் ரிப்பேர் மேசையிலிருந்து பதில்கள்

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் டவுனில் பதினொரு வருடமாக போன் ரிப்பேர் பார்க்கிறேன். கடைக்கு வரும் போன்கள் பெரும்பாலும் கவரோடுதான் வரும். அதைக் கழற்றி உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. செம்மண், தேயிலைத் தூசு, விபூதி, நாலாக மடித்த நூறு ரூபாய் நோட்டு. அதை வைத்தே அந்தப் போன் எப்படிப்பட்ட இடத்தில் புழங்குகிறது என்று பாதி சொல்லிவிடலாம். கவர் போடுவது நல்லதா கெட்டதா என்று நேரில் வந்தும் மெசேஜ் அனுப்பியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லி அனுப்புவது மனதுக்குச் சரியாகப்படவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, நேரா சொல்லுங்க. கவர் போட்டா போன் பழுதாகுமா, ஆகாதா?

கவர் தானாகப் போனைக் கெடுக்காது. கவருக்கும் போனுக்கும் நடுவில் போய் உட்காருவதுதான் கெடுக்கிறது. மண், ஈரம், வெளியே போக வழியில்லாத சூடு. மாட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கழற்றாத கவருக்குள் இவை சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்கிற போனில் சேர நேரமிருக்காது.

அப்படியென்றால் கவரே வேண்டாமே என்பார்கள் சிலர். எங்கள் பக்கத்தில் கவர் வேண்டும் என்றே சொல்வேன். சமதரையில் போன் விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் படியில் விழுந்தால் அடுத்த படி, அதற்கடுத்த படி என்று உருண்டு தண்ணீர் ஓடும் கான் வரைக்கும் போய்த்தான் நிற்கும். கண்ணாடி உடைவது பெரும்பாலும் மூலை தரையில் பட்டுத்தான். விழுந்த வேகம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது. மூலையில் கொஞ்சம் மெத்தென்று ஏதாவது இருந்தால் அந்த அடி பரவிக் குறைந்துவிடும். விளிம்பில் கீறல் விழுந்த போனை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். டிஸ்ப்ளே போனால் பல நாள் சம்பளம் ஒரே நாளில் போகும்.

போன் வாங்கின அன்னைக்கே கவர் போட்டேன். இப்ப கழட்டிப் பார்த்தா ஓரமெல்லாம் கீறல். கவருக்குள்ள இருந்த போன்ல கீறல் எப்படி வரும்?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் கொஞ்சம் கோபமாகவே வருவார்கள். நியாயம்தான். பாதுகாக்கத்தானே காசு கொடுத்து வாங்கினார்கள்.

மென்மையான கவர் கண்ணாடியையோ அலுமினியத்தையோ கீறாது, கீற முடியாது. கீறுவது உள்ளே போன மண். தாதுப்பொருட்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்க ஃபிரெட்ரிக் மோஸ் என்ற கனிமவியல் அறிஞர் 1812இல் ஓர் அளவுகோல் வகுத்தார். எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். அதில் வைரம் 10. போன் கண்ணாடியில் 6ஆம் படியில் கீறல் விழத் தொடங்கும், 7இல் ஆழமாக விழும். அலுமினியம் 3ஐக்கூடத் தொடாது. மேலே இருக்கிற சாயம் பிடித்த கடினமான படலம் அதைக் கொஞ்சம் காக்கும், ஆனால் அந்தப் படலம் மிக மெல்லியது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற தாது சரியாக 7. நமது மலைநாட்டுப் பாறைகளில் குவார்ட்ஸ் தாராளம், பல இடங்களில் கார்னெட் என்ற தாதுவும் உண்டு, அதுவும் 7ஐ ஒட்டியதுதான். அந்தப் பாறை உக்கிய மண்தான் தேயிலை மலைக் குறுக்குப் பாதையிலும், மழை அறுத்த தோட்டத்து ரோட்டிலும், நம் காற்சட்டைப் பையின் அடியிலும் கிடக்கிறது.

அதில் ஒரே ஒரு துகள் கவருக்குள் போனால் போதும். கவர் அதைப் போனின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நடக்கும்போதும் பஸ்ஸில் குலுங்கும்போதும் கவர் மயிரிழை அளவு அசையும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தேய்ப்பு. சேண்ட் பேப்பரை வைத்து மாதக்கணக்கில் மெதுவாகத் தேய்ப்பதும் இதுவும் ஒன்றுதான். கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கெமராவைச் சுற்றி, சார்ஜ் ஓட்டையின் இரண்டு பக்கம், கீழ் மூலைகள். கவரில் திறப்பு இருக்கிற இடங்கள்தான் இவை. தூசு நுழைகிற வாசலில்தான் தேய்மானமும் இருக்கும்.

எந்த மாதிரிக் கவரில் இது அதிகம்?

கல் மாதிரி இருக்கும் கடின பிளாஸ்டிக் கவரில். அது போனை நாலு மூலையில் மட்டும் கவ்விப் பிடிக்கும், நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும், தூசு சுகமாக உள்ளே போகும். அந்த நாலு மூலையில்தான் சாயமும் முதலில் போகும். டி.பி.யூ. என்ற, ரப்பர் போல் வளைகிற பிளாஸ்டிக் கவர் போனோடு ஒட்டி நிற்பதால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் நாளாகத் தளரும். தளர்ந்து ஆடத் தொடங்கிய கவரை மாற்றிவிட வேண்டும். ஆடுகிற கவர் விழும்போதும் காக்காது, மற்ற நேரத்தில் தேய்க்கவும் செய்யும். உள்ளே மெல்லிய துணி வைத்த சிலிக்கன் கவர்கள் மெத்தென்று இருந்தாலும் அந்தத் துணி மண்ணையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தோல் கவர் எங்கள் ஊருக்கு ஒத்துவராது. மழைக்காலத்தில் ஒரு வாரம் அலுமாரியில் வைத்த செருப்பிலேயே பூஞ்சணம் பூக்கிறது. தோல் கவருக்கும் அதே கதிதான்.

சுத்தியும் மூடின ரப்பர் கவர் போட்டிருக்கேன். மழைத் தண்ணி உள்ள போகாதுதானே?

போகும். போனால் வெளியே வராது. மலைநாட்டில் நான் பார்க்கிற பழுதுகளில் கவர் உண்மையிலேயே குற்றவாளியாகிற இடம் இதுதான்.

ஹட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் எங்கள் பக்கம் நனையாமல் இருக்க முடியாது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் வருடக் கடைசியில் அந்த மழையை வாங்கிக்கொள்கிறது. மழை இல்லாத நாளில் மூடுபனி. இரண்டு தட்டையான பரப்புகள் ஒட்டிக்கொண்டு இருந்தால் நடுவில் போன தண்ணீரை அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரமான இரண்டு கண்ணாடித் தட்டுகளைப் பிரிக்க முயன்றவர்களுக்கு இது தெரியும். கவர் இல்லாத போன் நனைந்தால் சட்டையில் துடைத்தவுடன் காய்ந்துவிடும். கவர் போட்ட போனை வெளியே துடைத்துவிட்டு “காய்ந்துவிட்டது” என்று நினைப்போம். உள்ளே பட்டன் இடுக்கிலும், ஸ்பீக்கர் ஓட்டையிலும், சார்ஜ் ஓட்டையின் வாயிலும் அந்த ஈரம் நாள் கணக்கில் நிற்கும். வியர்வை கலந்திருந்தால் அதில் உப்பும் இருக்கும்.

அந்த நிலையில் சார்ஜில் போடுவதுதான் பெரிய கேடு. ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடினால் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகக் கால்கள் வேகமாக அரித்துப் பச்சை பிடிக்கும். “நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்தது, காலையில சார்ஜ் ஏறல” என்று வருகிற போனை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பலமுறை இதைத்தான் காண்கிறேன்.

மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தால் உங்கள் தலையைத் துவட்டுவதற்கு முன்னால் போன் கவரைக் கழற்றுங்கள்.

என்னோடது ஐ.பி.68 போன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். ஐ.பி. என்பது தூசையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண். 68இல் முதல் எண்ணான 6 தூசுக்கு, அடுத்த 8 தண்ணீருக்கு. அந்தப் பரிசோதனை புதுப் போனில், அசையாத நல்ல தண்ணீரில் நடக்கிறது. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் பசையும் ரப்பர் வளையங்களும்தான். அவை நாளாகத் தளரும், விழுந்தால் விலகும், ஒருமுறை திறந்து ரிப்பேர் செய்தால் பழையபடி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலான கம்பனிகள் ஐ.பி. எண்ணைப் பெரிதாக விளம்பரம் செய்தாலும், தண்ணீரால் வந்த பழுதை வாரண்டியில் சேர்ப்பதில்லை.

நனைஞ்ச போனை அரிசிக்குள்ள வைக்கலாமா? அடுப்புக்கு மேல வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். அரிசித் தூசும் குருணையும் ஓட்டைக்குள் போய்க் கேடு செய்யும். 2024இல் ஆப்பிள் கம்பனியே அரிசிக்குள் வைக்காதீர்கள் என்று எழுதி வெளியிட்டது. விறகடுப்பின் மேல் துணி காய்வது போல் போன் காயாது. பசை இளகும், பெட்டரி சூடேறும், புகைக்கரி வேறு படியும். ஹெயார் ட்ரையரும் அப்படித்தான்.

கவரைக் கழற்றி, போனை அணைத்து, சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஃபேன் இருந்தால் அதன் முன்னால். மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் காற்றே ஈரமாக இருக்கும் என்பதால் ஒரு நாள் முழுக்க விடுவது நல்லது. கவரையும் தனியாகக் காய வையுங்கள். போன் காய்ந்து, கவர் ஈரமாக இருந்தால் அவ்வளவு பாடும் வீண்.

கவர் போட்டா போன் சூடாகி பெட்டரி பழுதாகும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வீடியோ போடுகிறவர்கள் இருக்கும் ஊரின் வெயில் வேறு.

பிளாஸ்டிக்கும் ரப்பரும் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மந்தம். போனுக்குள் உண்டாகும் சூடு வெளியே போகத் தாமதமாகும். லித்தியம் அயன் பெட்டரிக்குச் சூடு ஆகாது. சூட்டில் அதன் உள்ளே வேண்டாத வேதி மாற்றங்கள் வேகமாகி, பிடிக்கும் சார்ஜ் நிரந்தரமாகக் குறையும். ஐபோனை 35 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பமான சூழலில் பாவிக்க வேண்டாம் என்றும், கவரோடு சார்ஜ் போடும்போது சூடானால் முதலில் கவரைக் கழற்றுங்கள் என்றும் ஆப்பிள் சொல்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகைதான். வெளிக்காற்று எங்கள் போனைக் கெடுப்பதில்லை. ஆனால் குளிரென்று நாங்கள் செய்கிற ஒரு காரியம் கெடுக்கிறது. ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில், கம்பளிக்குள் வைத்துப் படம் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறோம். கவர் ஒரு போர்வை, கம்பளி இரண்டாவது போர்வை, தலையணை மூன்றாவது. குளிர் நாட்டில் சூட்டால் கெட்ட பெட்டரியை நான் மாற்றுகிறேன் என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பெட்டரியைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. பஞ்சும் கம்பளியும் தீப்பிடிக்கக்கூடியவை, பக்கத்தில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். போனைத் தரையிலோ மேசையிலோ வைத்துச் சார்ஜ் போடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அப்ப ஒவ்வொரு தரமும் கவரைக் கழட்டித்தான் சார்ஜ் போடணுமா?

வேண்டியதில்லை. சாதாரண சார்ஜருக்குக் கவர் இருக்கலாம். ஃபாஸ்ட் சார்ஜர், வயர்லெஸ் சார்ஜர், அல்லது சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் விளையாடுவது என்றால் கழற்றுங்கள். கையில் பிடிக்கச் சங்கடமான சூடு இருந்தால் எந்தச் சார்ஜராக இருந்தாலும் கழற்றுங்கள். தினமும் கழற்றி மாட்டினால் கவரின் மூலைகள் சீக்கிரம் தளரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கவர் திடீர்னு டைட்டாகிடுச்சு. போன் ஒரு பக்கம் தூக்கின மாதிரி இருக்கு.

உடனே கழற்றுங்கள். சார்ஜில் இருந்தால் நிறுத்துங்கள். கவர் சுருங்காது. உள்ளே பெட்டரி ஊதியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய பெட்டரிக்குள் வாயு சேர்ந்து அது உப்பும், பின்மூடியையோ டிஸ்ப்ளேயையோ வெளியே தள்ளும். இறுக்கமான கவர் அந்தத் தள்ளலை மறைத்துவிடும். மூடி பிரிந்திருப்பது வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் அப்படியே பாவிப்பார்கள். மேசை மேல் கவரில்லாமல் படுக்க வைத்து ஒரு மூலையைத் தட்டிப் பாருங்கள். முன்பு ஆடாத போன் இப்போது பம்பரம் போல் சுற்றினால் கடைக்குக் கொண்டு வாருங்கள். அழுத்தி மூடவோ ஊசியால் குத்தவோ கூடாது. குத்தினால் தீப்பிடிக்கும்.

பெட்டரி ஊதுவதற்குக் கவர்தான் காரணமா என்றும் கேட்பார்கள். பெட்டரியின் வயதும், சூடும், தரமில்லாத சார்ஜரும், சில நேரம் தயாரிப்புக் குறையும்தான் காரணங்கள். 2016இல் சாம்சங் தன் கலக்ஸி நோட் 7 போன்களைத் திருப்பி வாங்கி அந்த மாடலையே நிறுத்தியது. பிறகு விசாரித்துப் பெட்டரியின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகளே காரணம் என்று அறிவித்தது. கவருக்கு அதில் பங்கில்லை.

கண்ணாடி மாதிரி இருந்த கவர் மஞ்சளாப் போயிடுச்சு. அழுக்கா? கழுவினா போகுமா?

அழுக்கு இல்லை, கழுவினாலும் போகாது. டி.பி.யூ. என்ற பொருள் புற ஊதாக் கதிராலும் சூட்டாலும் வேதி மாற்றமடைந்து மஞ்சளாகும். உயரம் கூடக்கூட அந்தக் கதிரும் கூடும், ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 சதவீதம். குளிராக இருப்பதால் எங்களுக்கு வெயிலே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நுவரெலியாவில் ஒரு பகல் வெளியில் நின்ற முகம் கறுப்பதைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். மஞ்சள் நிறத்தால் போனுக்குக் கேடு இல்லை. ஆனால் மஞ்சளான கவர் இறுகி வெடிக்கத் தொடங்கியிருக்கும். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

கவருக்கும் போனுக்கும் நடுவுல எண்ணெய் பட்ட மாதிரி திட்டுத் திட்டா தெரியுது.

வழவழப்பான கவர் கண்ணாடியில் அங்கங்கே ஒட்டிக்கொள்வதால் தெரிகிற தோற்றம் அது. கழற்றித் துடைத்தால் போகும். உட்பக்கம் சின்னச் சின்னப் புள்ளி போட்ட கவர் வாங்கினால் வராது. மிக மலிவான கலர் கவர்களில் மட்டும் சாயம் இறங்கி வெள்ளைப் போனில் கறை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது எளிதில் போகாது.

எங்க தோட்டத்துல சிக்னலே கம்மி. கவர் போட்டா இன்னும் குறையுமா?

பிளாஸ்டிக், ரப்பர் கவரால் உணரத்தக்க அளவு குறையாது. உலோகக் கவர், உள்ளே இரும்புத் தகடு வைத்த கவர் என்றால் குறையும். இரண்டு மலைக்கு நடுவில் பள்ளத்தில் இருக்கும் லயங்களில் இது சின்ன விஷயமில்லை. டவர் எட்டாத இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டிக் கூட்டிக் கத்திக்கொண்டிருக்கும். பெட்டரியும் சீக்கிரம் இறங்கும், போனும் சும்மாவே சூடாகும். அந்தப் போனுக்கு உலோகக் கவர் போடுவது கத்துகிறவன் வாயைப் பொத்துவதற்குச் சமம். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிற ஸ்டிக்கர்களையும் வாங்காதீர்கள். போனின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் இத்தகைய பொருட்களால் பயனில்லை, போன் இன்னும் அதிக சக்தியில் இயங்க வேண்டிவரலாம் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே எச்சரித்திருக்கிறது.

கவர் சிக்னலைக் காப்பாற்றிய கதையும் ஒன்று உண்டு. 2010இல் வந்த ஐபோன் 4இன் அன்டெனா அதன் உலோக விளிம்பிலேயே இருந்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரல் பட்டால் சிக்னல் விழும். அந்த ஜூலையில் ஆப்பிள் கம்பனி, வாங்கியவர்களுக்கு விளிம்பை மூடும் பம்பர் கவரை இலவசமாகக் கொடுத்தது.

கவருக்குள்ள சாமி படம், காசு, விபூதிப் பொட்டலம் வச்சிருக்கேன். எடுக்கணுமா?

சாமி படத்தை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு மெல்லிய படத்தால் கேடும் இல்லை. ஈரமானால் மட்டும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதன் மை போனில் ஒட்டிக்கொள்ளும். நாலாக மடித்த நோட்டும், சில்லறையும், சாவியும் வேறு விஷயம். பின்கண்ணாடியின் நடுவில் மேடு உண்டாக்கி, பின்பையில் போட்டு உட்காரும்போது அங்கே அழுத்தம் இறங்கும். காகிதம் ஈரத்தையும் உறிஞ்சி வைத்திருக்கும். விபூதியைப் பர்ஸில் வையுங்கள். பொட்டலம் கிழிந்து ஸ்பீக்கர் வலை அடைத்த போன் மாதம் ஒன்றாவது வருகிறது.

காந்தம் வச்ச ஃப்ளிப் கவர், காந்த மோதிரம் எல்லாம்?

போனின் மெமரி அழியாது, அந்தப் பயம் வேண்டாம். திசைகாட்டி மட்டும் தப்பாகக் காட்டும். மெப் பார்த்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கருப்புப் பட்டி உள்ள பழைய வங்கி அட்டையைக் காந்தத்தோடு ஒட்டி வைத்தால் அது பழுதாகலாம். ஃப்ளிப் கவர் மூடினால் திரை அணைவதும் காந்தத்தால்தான். வேறு மாடலின் கவரை வாங்கி மாட்டினால் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை அணையும். போன் பழுது என்று அதைக் கடைக்குக் கொண்டு வருவார்கள். கவரைக் கழற்றினால் சரியாகிவிடும்.

ஓட்டோ ஓட்டுறேன். கவரோட ஹோல்டர்ல மாட்டினா கெமரா ஆடுது, மங்கலாத் தெரியுது.

கவரால் இல்லை, அதிர்வால். நல்ல போன்களில் கெமரா லென்ஸ் நுண்ணிய காந்தங்களில் மிதந்து கை நடுக்கத்தைச் சரிசெய்கிறது. தொடர்ந்த அதிர்வு அதைக் கெடுக்கலாம். மோட்டார் சைக்கிளில் நேரடியாகப் போனை மாட்ட வேண்டாம், சின்ன இயந்திரம் உள்ள வண்டியென்றாலும் அதிர்வைக் குறைக்கும் ஹோல்டர் பாவியுங்கள் என்று 2021இல் ஆப்பிள் அறிவித்தது. எங்கள் ரோட்டில் ஓடும் ஓட்டோவுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். தடித்த ரப்பர் கவர் கொஞ்சம் உதவும், போதாது. ஹோல்டருக்கு அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். வெயிலில் முன்கண்ணாடிக்குப் பின்னால் மாட்டி வைக்காதீர்கள்.

சிவனொளிபாதமலை ஏறினப்ப 30 சதவீதம் சார்ஜ் இருந்தும் போன் அணைஞ்சிடுச்சு. கவர் காரணமா?

குளிர் காரணம். 2243 மீட்டர் உச்சியில் விடியற்காலைக் காற்றில் பெட்டரியின் உள் எதிர்ப்புக் கூடி மின் அழுத்தம் விழும், போன் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். சூடேறினால் மீண்டும் வரும், நிரந்தரக் கேடில்லை. இந்த ஓர் இடத்தில் கவரின் மந்தம் உங்களுக்கு உதவுகிறது. கவரோடு, சட்டைக்கு உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். கீழே இறங்கி, சுடச்சுடத் தேநீர் கொதிக்கும் கடைக்குள் நுழைந்ததும் வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த போனில் அந்த ஆவி நீராகப் படியும்.

மலைக்கு உரம் போடுற வேலை. தேயிலை ஸ்டோருல (ஃபேக்டரியில) சலிப்பு வேலை. எங்களுக்குத் தனியா ஏதும்?

உரம் போடுகிறவர்கள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். தேயிலைக்குப் போடும் கலவையில் யூரியாவும் எம்.ஓ.பி. என்ற பொட்டாசியம் குளோரைட்டும் இருக்கின்றன. இரண்டும் காற்றின் ஈரத்தை இழுக்கும். குளோரைட் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். கவருக்குள் போன ஒரு சிட்டிகை உரம், மழை நாளில் உப்புத் தண்ணீராக மாறி சார்ஜ் ஓட்டைக்குள் இறங்கும். அந்த வேலை நாளில் போனை வீட்டில் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் மூடிய பையில் வைத்து, வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டு, கவரைக் கழற்றிக் கழுவுங்கள். மருந்து அடிக்கிறவர்களுக்கும் இதேதான். போனைவிட உங்கள் காதும் வாயும் முக்கியம். மருந்து பட்ட கவரைத்தான் பிறகு முகத்தில் வைத்துப் பேசுகிறோம், பிள்ளை கையில் கொடுக்கிறோம்.

ஸ்டோரில் சலிக்கும்போது பறக்கும் தேயிலைப் பஞ்சு மென்மையானது, கீறாது. ஸ்பீக்கரையும் மைக்கையும் அடைக்கும். “நான் பேசுறது அந்தப் பக்கம் கேக்கல” என்றால் முதலில் கவரின் கீழ் ஓட்டைகளைப் பாருங்கள்.

மினுமினுன்னு தண்ணி ஓடுற கவரைப் பிள்ளை கேட்கிறாள்.

வாங்கிக் கொடுக்காதீர்கள். வெடித்து அந்தத் திரவம் தோலில் பட்டுப் புண்ணானதால் 2017இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட கவர்களைத் திருப்பி வாங்கினார்கள்.

கவரை எப்படிக் கழுவுறது?

டி.பி.யூ., சிலிக்கன், பிளாஸ்டிக் கவரென்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டு, பழைய பல் துலக்கி, மூலையும் ஓட்டையும் தேய்த்து, அலசி, முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். பிளீச் வேண்டாம். போனை முதலில் ஊதுங்கள் அல்லது மென்மையான தூரிகையால் தட்டுங்கள், பிறகு துடையுங்கள். மண்ணோடு துடைத்தால் கவர் செய்கிற அதே தேய்ப்பை நீங்களே கையால் செய்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் துவைக்கும்போது கவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறக்காமலிருக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

அம்மா கொழுந்து பறிக்கப் போறாங்க. போனை ஷொப்பிங் பேக்ல சுத்தி இடுப்புல வச்சுக்கிறாங்க. கவர் வேணாமாம். அது சரியா?

உங்கள் அம்மா மழையைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர். பை வெளி மழையைத் தடுக்கும். ஆனால் இடுப்பில் கட்டும் படங்குச் சீலைக்குள், உடம்பை ஒட்டி, ஏறி இறங்கி வேலை செய்யும்போது உள்ளே புழுங்கும். பைக்குள்ளேயே நீர் பூக்கும். நனையாத போன் நனைந்த போனாகிவிடும். மெல்லிய கவர் ஒன்று போட்டுக் கொடுங்கள், பாறையில் விழுந்தால் காக்கும். பிறகு உலர்ந்த பருத்திக் கைக்குட்டையில் சுற்றி, அதற்கு மேல் பையில் போடச் சொல்லுங்கள். புழுக்கத்தைத் துணி குடித்துக்கொள்ளும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வீசாமல் அதோடு வைக்கலாம். மத்தியானம் கொழுந்து நிறுக்க வரும்போது பையைத் திறந்து துணியை மாற்றினால் போதும். காலையில் சாப்பாட்டோடு இரண்டாவது கைக்குட்டை ஒன்றையும் மடித்து வைத்து அனுப்புங்கள்.